துண்டு பிடித்தவன்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். இருபது வருஷமாகப் பேனா பிடிக்கிறேன் என்றாலும், எழுதியதெல்லாம் அடுத்தவர் சொல்ல, அடுத்தவருக்காக எழுதிய மனுக்கள். எனக்கென்று ஒரு பக்கம்கூட எழுதியதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கவும் எனக்கு வராது. கல்யாண வீட்டில் பந்தி போட்டால் கடைசி இலையைத் தேடிப் போய் உட்காருகிறவன். அப்படிப்பட்டவன் ஒரு விஷயத்தை அச்சில் ஏற்றத் துணிவதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய நேரத்தில் பேசியிருந்தால் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தாலுக்கா ஊரில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. வக்கீல் என்னைவிடப் பத்து வயது இளையவர். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், நல்ல மனசு. கொலைக் கேஸ் என்றால் ஏழைக்கும் சர்க்கார் ஒரு வக்கீலை வைத்துக் கொடுக்கும். மற்றக் கேஸ்களில் வசதி இல்லாதவன் தனியாகத்தான் கூண்டில் நிற்க வேண்டும். கொல்லிமலையிலிருந்து பிடித்துவரப்படுகிறவர்கள், கேட்பது என்னவென்று விளங்காமலே ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு ஜெயிலுக்குப் போவதை அவர் நாலைந்து தடவை பார்த்துவிட்டார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க நம்மளைத் தேடி வரமாட்டாங்க குமாஸ்தா. நாமதான் போகணும். வாராவாரம் சந்தையன்னிக்குக் காரவள்ளியில போய் உட்காருங்க. யார் என்ன கஷ்டம்னு வந்தாலும் எழுதிக்கிட்டு வாங்க. ஃபீஸ் ஒண்ணும் கிடையாதுன்னு சொல்லுங்க."

"நானுங்களா?"

"உங்களுக்குத்தானே அந்தப் பேச்சு தெரியும்?"

அது நிஜம். எங்கள் குடும்பத்துக்கு அடிவாரத்தில்தான் காடு கழனி. மலைக்காரர்கள் சுமையோடு எங்கள் வரப்பு வழியாக இறங்கிப் போவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். பேச்சு தெரியும். ஆனால் அவர்களோடு பேசியது குறைவு.

அப்போது மலைக்குப் பாதை என்றால் ஒற்றையடிப் பாதைதான். அது காரவள்ளியில் வந்து முடிகிற இடத்தில் ஒரு புளியமரம். அதன் அடியில் பலகையைச் சாத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். 'ஏழைகளுக்கு வழக்கு யோசனை, கட்டணம் இல்லை' என்று பலகையில் என் கையாலேயே எழுதியிருந்தேன். இறங்கி வருகிறவர்களில் எழுத்துத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை என்பது எனக்கும் வக்கீலுக்கும் தோன்றவில்லை. பக்கத்தில் உப்பு விற்கிற அம்மாளுக்குத்தான் முதலில் தோன்றியது.

"ஏனுங்க குமாஸ்தா, வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்கறீங்க? கூவுனாத்தானுங்க சரக்கு போகும்."

"நான் சரக்கு விக்கலீங்களே."

"அதானுங்க ஒருத்தனும் வரலை. சும்மா தாரேன்னு சொன்னா எவன் நம்புவான்? பலகையைப் பாத்தா ஏலம் போடறவருன்னு நெனச்சுக்கிட்டு ஒதுங்கிப் போறாங்க."

ஐந்து வாரம் யாரும் வரவில்லை. ஆறாவது சந்தையில் ஒரு பெரியவர் வந்தார். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நிற்கும்போதே இருமல். தோளில் தடி, தடியின் இரண்டு முனையிலும் பலாப்பழம். நிழலுக்காகத்தான் என் மரத்தடிக்கு வந்தார். சுமையை இறக்கிவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார்.

"இதுல என்னங்க எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன்.

"கேஸுன்னா?"

"சர்க்காருல புடிச்சுட்டாங்க, இல்ல யாராவது உங்க மேல பிராது குடுத்துட்டாங்கன்னா, எங்க வக்கீல் வந்து உங்களுக்காக நிப்பாருங்க."

"எதுவும் வாங்காமயா?"

"எதுவும் வாங்காமத்தான்."

"நல்ல மனுசனாட்ட இருக்குது," என்றார். "எங்க நாட்டுலயும் அப்படித்தானுங்க. வாங்கிக்கிட்டு நின்னா அது நின்னதாகாது."

அது எனக்குப் புரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. யார் வந்து பேசினாலும் நோட்டில் எழுத வேண்டும் என்பது வக்கீலின் உத்தரவு. மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு, அவருடையது எடப்புளி நாடு என்றார். எடப்புளி நாட்டுப் பெரியவர், பலகையைப் பற்றி விசாரித்தார், வழக்கு ஏதும் இல்லை என்று எழுதி நாளையும் போட்டேன்.

மத்தியானம் வரை அவர் அங்கேயே இருந்தார். ஒரு பழம் போயிற்று, மற்றது போகவில்லை. உப்புக்கார அம்மாளும் அவரும் அந்தப் பழம் காயா கனியா என்று சண்டை போட்டார்கள். திடீரென்று அவர் பேச்சை நிறுத்திவிட்டு மலையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். உச்சி விளிம்பில் ஒரு புகை. முதலில் நூல்போல நேராக நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்து, தடித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அது நம்ம பக்கமாட்ட இருக்குதுங்களே," என்றார்.

விற்காத பழத்தை உப்புக்கார அம்மாளிடமே விட்டுவிட்டுத் தடியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மேலே போய்ச் சேர நாலு மணி நேரம் ஆகும். இருமிக்கொண்டே அவர் பாதையில் ஏறி மரங்களுக்குள் மறைகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். ஆக, தீப்பிடித்த நேரத்தில் அந்த மனிதர் எங்கே இருந்தார் என்பது உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அடுத்த சந்தைக்கு அவர் மனைவி வந்தாள். பலகைக்கு எதிரே, எட்டி நின்றுகொண்டிருந்தாள். உப்புக்கார அம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து விட்டாள். மேலே எரிந்தது காட்டிலாகாவின் கொட்டகை என்று அவள் சொல்லித்தான் தெரிந்தது. வெட்டி அடுக்கிய சந்தனக் கட்டை முழுவதும் போய்விட்டது. உள்ளே இருந்த வாட்சருக்குக் காலில் தீக்காயம். மறுநாளே காட்டிலாகாக்காரர்கள் ஊருக்குள் வந்து, யார் தீ வைத்தது என்று கேட்டிருக்கிறார்கள்.

"எங்க ஊட்டுக்காரருதான் ஏத்துக்கிட்டாரு. கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க," என்றாள். அழவில்லை.

"அம்மா, அன்னிக்கு அவரு இங்கதானே இருந்தாரு! எம் பக்கத்துல!"

"ஆமாங்க. பலாப்பழம் கொண்டாந்தாருல்ல." அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லாததுபோலச் சொன்னாள். அவள் கேட்க வந்தது வேறு. "அங்க அவருக்குக் களி கிண்டித் தருவாங்களா? சோறு ஒத்துக்காதுங்க."

வக்கீலிடம் போய்ச் சொன்னேன். நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இதைவிட நல்ல கேஸ் எங்க கிடைக்கும்? சாட்சி நம்ம ஆபீஸுக்குள்ளயே இருக்கு! நோட்டுல தேதியோட எழுதியும் வெச்சிருக்கீங்க!"

சாட்சி என்று அவர் சொன்னது என்னை. கூண்டில் ஏறி எல்லாரும் பார்க்கப் பேச வேண்டும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. ஆனாலும் சரி என்றேன். அந்த இருமலோடு அவர் ஜெயிலுக்குப் போனால் திரும்பி வரமாட்டார் என்பது பார்த்த யாருக்கும் தெரியும்.

சப் ஜெயிலில் அவரைப் பார்த்தோம். கம்பிக்கு அந்தப் பக்கம் குந்தியிருந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார்.

"பெரியவரே, நீங்களா தீ வெச்சீங்க?" என்றார் வக்கீல்.

"எம்மேல போட்டுக்கிட்டனுங்க சாமி."

"அதை இனிமே எங்கயும் சொல்லக் கூடாது. நான் கேஸை நடத்தறேன். இந்தக் காகிதத்துல ரேகை வைங்க."

பெரியவர் காகிதத்தைப் பார்த்தார். கையை நீட்டவில்லை. வக்கீல் இரண்டு தடவை விளக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீங்க அவர் பேச்சுல சொல்லிப் பாருங்க."

நான் சொன்னேன்: "ஐயா எதுவும் வாங்காம உங்க பக்கத்துல நிப்பாருங்க. நானும் நிப்பேன்."

அவர் முகத்திலிருந்து ஏதோ பாரம் இறங்கியதைப் பார்த்தேன். "நீங்களும் நிப்பீங்களா கண்ணு?" என்றார். உடனே கட்டை விரலை நீட்டினார். இத்தனை வயதில் ஒரு வாக்கியத்தையாவது சரியான நேரத்தில் சரியாகச் சொன்னேன் என்று அன்று வீடு போகிற வரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஊர்க்காரர்களிலும் இரண்டு பேர் வந்து, அவர் அன்று மலையில் இல்லை என்று சொன்னால் கேஸ் நிச்சயம் நிற்காது என்றார் வக்கீல். அவர்களை அழைத்துவர என்னை மேலே அனுப்பினார். விடியற்காலம் காரவள்ளியில் ஏற ஆரம்பித்தேன். முதல் மழை நாலைந்து நாளாகப் பெய்திருந்தது. எடப்புளி நாட்டு எல்லைக்குப் பக்கத்தில் எரிந்த சரிவு வந்தது. கரிக்கட்டைகள், நனைந்த சாம்பல், நடுவில் கொட்டகையின் நாலு கல். அந்தச் சாம்பலிலிருந்து சந்தன வாசனை வந்துகொண்டிருந்தது. யாரோ செத்த வீட்டுக்குள் நுழைந்ததுபோல மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன்.

அவர்கள் ஊர் இருபது வீடு இருக்கும். முதலில் கண்ணில் பட்டது விதைப்புக் காடுகள்தான். மழை பெய்து ஈரம் காத்திருந்தது, ஆனால் ஒருவரும் விதைக்கவில்லை. களை மட்டும் விரலுயரம் வந்திருந்தது. வீட்டுக்கு வீடு விதைச் சாமை மூட்டை கட்டினபடி வாசலில் தொங்கியது. கோயில் கதவின் குறுக்கே முள்ளுக் கிளை வைத்திருந்தார்கள். குழந்தைகள்கூடச் சத்தம் போடாமல் விளையாடின. ஆனால் நான் யாரென்று தெரிந்ததும் பெண்கள் வெளியே வந்து, ஏதோ நல்ல சேதி கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்கள். அது எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் பாய் போட்டு உட்காரவைத்தார். ஐம்பது வயது, திடமான ஆள். வலது முன்கையில் பச்சிலை வைத்துக் கட்டியிருந்தார். தேன் ஊற்றி வாழைப்பழம் கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன்.

"சாட்சியா? எதுக்குங்க சாட்சி?" என்று சிரித்தார். "அவருதான் ஏத்துக்கிட்டாரே."

"அவரு செய்யலீங்களே."

"ஆமாங்க. அது ஊருக்கே தெரியும்." பொறுமையாகச் சொன்னார், குழந்தைக்குச் சொல்வதுபோல. "குத்தம்னு ஒண்ணு ஊருக்குள்ள வந்துட்டா அது யாரு மேலயாவது எறங்கணுங்க. எறங்காம சுத்திக்கிட்டிருந்தா வெதை போடக் கூடாது, பொண்ணு கேக்கக் கூடாது, சாமி கதவைத் தொறக்கக் கூடாது. பெரிய மனுசன் ஒருத்தரு எந்திரிச்சு, எம்மேல போடுங்கன்னுட்டா முடிஞ்சுது."

"அப்ப செஞ்சவரு?"

"செஞ்சவனைத் தேடக் கூடாதுங்க. தேடுனா ஊரு ரெண்டாயிரும். ஏத்துக்கிட்டவரு நாட்டுச் சபையில போயி உழுந்து கும்புடுவாரு. ஒரு ஆடு குடுப்பாரு. பொழுது சாயறதுக்குள்ள ஊட்டுக்கு வந்து கஞ்சி குடிப்பாரு. நானே ரெண்டு வாட்டி ஏத்துக்கிட்டிருக்கறேன். அதுல ஒண்ணும் கேவலம் இல்லீங்க. மருவாதைதான்."

அதற்குப் பிறகு அவர் சொன்னதைத்தான் நான் இன்றுவரை மறக்க முடியாமல் இருக்கிறேன்.

"ஏத்துக்கறவரைத் தனியா நிக்க உடமாட்டோமுங்க. நாடே ஒரு ஆளைப் பக்கத்துல நிக்கக் குடுக்கும். அவன் எதுவும் வாங்கக் கூடாது. உழுவறதுக்கு முன்னால இவரு துண்டைக் கழட்டி அவன் கையில குடுப்பாரு. அவன் புடிச்சுட்டான்னா குத்தம் எறங்கிருச்சுன்னு கணக்கு. கீழ கோர்ட்டுல நமக்கு யாரு நிப்பாங்கன்னு கவலையா இருந்துச்சு. தெய்வமாட்ட நீங்களே வந்துட்டீங்க."

பழத்தைக் கீழே வைத்துவிட்டேன். கோர்ட்டு அப்படி இல்லை என்று சொன்னேன். அங்கே ஏற்றுக்கொண்டால் ஆடு வாங்கிக்கொண்டு அனுப்பமாட்டார்கள், ஜெயில், வருஷக்கணக்கில் ஜெயில் என்று சொன்னேன். என் குரலில்தான் சொன்னேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்காது. எல்லாரும் மரியாதையாகக் கேட்டார்கள்.

"பெரிய துரையில்லீங்களா, பெரிய கெடாயாக் கேப்பாருபோல," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி.

"கொம்பு முறுக்குனதா வேணும்னு கேட்டா உன் ஊட்டுக்காரனைத்தான் அனுப்பணும்," என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "கையில என்னங்க கட்டு?" என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. ஒரே சமயத்தில், எல்லார் வாயிலும் நின்றது.

"தீ அணைக்கப் போனப்பப் பட்டதுங்க," என்றார்.

இருக்கலாம். அணைக்கப் போன வேறு யாருக்கும் கையில் கட்டு இல்லை. அவ்வளவுதான் எனக்குத் தெரியும், அதற்கு மேல் தெரியாது. வேறொரு குமாஸ்தா இன்னும் இரண்டு கேள்வி கேட்டிருப்பான். நான் பாயின் கோரையை எண்ணிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பெரியவரின் மனைவி ஊர் எல்லை வரை கூட வந்தாள். "வெதைப்புக்கு வந்துருவாருல்லீங்க?" என்றாள். "நான் ஒத்தைக்காரி. அவரு வந்துதான் கொத்தணும்."

அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேறு பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வருவாருங்க," என்றேன்.

கீழே வந்து வக்கீலிடம், "அவங்ககிட்ட ஒரு வழக்கம் இருக்குதுங்க," என்று ஆரம்பித்தேன். அவர் வேறு கேஸ் கட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"வழக்கம் கிடக்கட்டும். சாட்சி சொல்ல வருவாங்களா?"

"வரமாட்டாங்க. ஒத்துக்கிட்டா ஒரு ஆட்டோட போயிரும்னு நெனைக்கிறாங்க."

"அதுக்குத்தான் நாம இருக்கோம். நான் பெரியவர்கிட்டப் பேசிக்கறேன். நீங்க ஒருத்தர் சாட்சி சொன்னாலே போதும்."

துண்டைப் பற்றிச் சொல்லவில்லை. சட்டப் புத்தகம் படிக்கிறவரிடம் போய்த் துண்டு, கிடா என்று பேசுவது கூச்சமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். விசாரணைக்கு இரண்டு நாள் இருந்தது. இரண்டு நாளும் சொல்லவில்லை.

விசாரணை நாளன்று மழை தூறிக்கொண்டிருந்தது. ஊர்க்கவுண்டரும் பத்துப் பன்னிரண்டு பேரும் ராத்திரியே மலை இறங்கி வந்திருந்தார்கள். எல்லாரும் வெளுத்த வேட்டி. கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தில் ஒரு கிடாயைக் கட்டியிருந்தார்கள். கறுப்புக் கிடா, கொம்புக்கு மஞ்சள் பூசியிருந்தது. டவாலிச் சேவகன் வந்து சத்தம் போட்டான்.

"எவன்டா இங்க ஆட்டைக் கட்டுனது? இது கோர்ட்டா, கசாப்புக் கடையா?"

"துரைக்குங்க," என்றார் ஊர்க்கவுண்டர் பணிவாக.

"துரை மரக்கறிதான்யா. ஓட்டிக்கிட்டுப் போ!"

அவர்கள் ஆட்டை அடுத்த மரத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். நான் வக்கீலைத் தேடி ஓடினேன். அவர் உள்ளே இன்னொரு கேஸில் பேசிக்கொண்டிருந்தார். போலீஸார் பெரியவரை நேரம் கழித்துத்தான் கொண்டுவந்தார்கள். தாழ்வாரத்தில் இரண்டு நிமிஷம் கிடைத்தது.

"நீங்க ஒண்ணுமே பேச வேண்டாம். கேட்டா, நான் குத்தவாளி இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. மிச்சத்தை நான் பாத்துக்கறேன். சரியா?" என்றார் வக்கீல்.

"சரிங்க சாமி," என்றார் பெரியவர். பிறகு என்னைப் பார்த்து, "நிப்பீங்கல்ல கண்ணு?" என்றார்.

கூண்டுக்குப் பக்கத்தில் என்னை நிற்கச் சொன்னார்கள். அவர் பேச்சு விளங்காவிட்டால் எடுத்துச் சொல்வதற்காக. குற்றப் பத்திரிகையை இங்கிலீஷில் படித்து, பிறகு தமிழில் சொன்னார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா, இல்லையா?"

பெரியவர் மாஜிஸ்திரேட்டைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். தலைத்துண்டை மெதுவாக அவிழ்த்தார். நாலாக மடித்தார். கம்பிக்கு மேலாக என்னிடம் நீட்டினார்.

அது என்னவென்று எனக்குத் தெரியும். தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று வக்கீல் பின்னால் எனக்காகப் பலரிடம் சொல்லியிருக்கிறார். அது சரியல்ல. நன்றாகத் தெரியும். ஆனால் கை நீட்டியபடி நின்றது. கோர்ட்டில் இருந்த அத்தனை பேரும் அந்தக் கையையும் என்னையும் பார்த்தார்கள். வாசலில் மலைக்காரர்கள் குதிகாலை உயர்த்தி நின்று பார்த்தார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு வயதான மனிதரின் கையை அந்தரத்தில் விட என்னால் முடியவில்லை. வாங்கிக்கொண்டேன். வாசலில் எல்லாரும் ஒன்றாக மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கூண்டுக்குள் விழுந்து கும்பிட இடம் இல்லை. முழங்காலை மடக்கி, நெற்றியைக் கம்பியில் வைத்தார். "எம்மேல போட்டுடுங்க சாமி," என்றார் தெளிவாக.

வக்கீல் துள்ளி எழுந்தார். என் கட்சிக்காரருக்கு இதன் அர்த்தம் தெரியாது, சம்பவ நேரத்தில் இவர் காரவள்ளிச் சந்தையில் இருந்தார், என் குமாஸ்தாவே கண்கண்ட சாட்சி, நோட்டில் பதிந்திருக்கிறது என்று படபடவென்று சொன்னார். மாஜிஸ்திரேட் என் பக்கம் திரும்பினார்.

"அப்படியா?"

"ஆமாங்க," என்றேன்.

"உரக்கச் சொல்."

மறுபடி சொன்னேன். என் கையில் அந்தத் துண்டு இருந்தது. மாஜிஸ்திரேட் பெரியவரைக் கேட்டார்: "அன்றைக்கு நீ சந்தையில் இருந்ததாக இவர் சொல்கிறார். உண்மையா?"

பெரியவர் என்னைப் பார்த்த பார்வை, பக்கத்தில் நிற்கிறேன் என்று வந்தவன் பாதியில் நழுவுவதைப் பார்க்கிற பார்வை. கோபம் இல்லை. எனக்காக வெட்கப்பட்டார்.

"இல்லீங்க சாமி. அவரு எளகுன மனசு. எம்மேல எரக்கப்பட்டுச் சொல்றாருங்க. நாந்தானுங்க செஞ்சேன்."

யாரோ சிரித்தார்கள். வெளியே கிடா கத்தியது. வக்கீல் இன்னும் ஏதேதோ சொன்னார். நானும் அந்த வழக்கத்தைப் பற்றி அப்போதாவது சொல்ல வாயெடுத்தேன். நாட்டுச் சபை, சாமி கதவு என்று துண்டு துண்டாக வந்தது. மாஜிஸ்திரேட் கொஞ்ச நேரம் கேட்டார், கெட்ட மனிதர் அல்ல. "வக்கீல் சார், உங்கள் குமாஸ்தாவை உட்காரச் சொல்லுங்கள்," என்றார். பிறகு எழுதினார். இரண்டு வருஷம் கடுங்காவல்.

கூண்டை விட்டு இறங்கியதும் பெரியவர் துண்டுக்குக் கை நீட்டினார். கொடுத்தேன். தலையில் கட்டிக்கொண்டார். "கடைசியில கொஞ்சம் தடுமாறிட்டீங்க. பரவாயில்ல, நின்னுட்டீங்க கண்ணு," என்றார். "ஆட்டை யாருகிட்டீங்க ஒப்படைக்கறது?"

நான் பதில் சொல்வதற்குள் போலீஸ்காரர் கையைப் பிடித்தார். வாசலில் இடது பக்கம் அவருடைய ஆட்கள் நின்றார்கள். அவர் இடது பக்கம் திரும்பினார். போலீஸ்காரர் வலது பக்கம் இழுத்தார்.

"அந்தப் பக்கம் எங்கீங்க கூட்டிக்கிட்டுப் போறாங்க?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"ஜெயிலுக்கு. ரெண்டு வருசம்."

அவர் என்னையே பார்த்தார். மலையில் நான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். கைக்கட்டை இன்னொரு கையால் மெல்லத் தடவிக்கொண்டார்.

வக்கீல் மூச்சு வாங்க வந்தார். "மேல் கோர்ட்டுக்குப் போகலாம். நீங்க சொன்னா அவர் கேட்பார். ரேகை வைக்கச் சொல்லுங்க. நான் ஒண்ணும் வாங்கமாட்டேன்."

"ஏத்துக்கிட்டதைத் திருப்பிக் குடுக்க முடியாதுங்க சாமி," என்றார் ஊர்க்கவுண்டர். "குடுத்தா அது மறுபடியும் ஊருக்குள்ள சுத்த ஆரம்பிச்சிரும். அப்புறம் யாரு மேல போயி எறங்கும்னு தெரியாது."

"உங்க மேல இறங்கட்டுமே!" என்றார் வக்கீல். அவர் எதையும் தெரிந்து சொல்லவில்லை, கோபத்தில் சொன்னார். ஆனால் கூட்டத்தில் ஒருவரும் தலை நிமிரவில்லை.

ஒருவன் ஆட்டை அவிழ்த்தான். "நாளைக்கு வெதை எடுக்கலாமுங்களா?" என்று ஊர்க்கவுண்டரைக் கேட்டான். அவர் தலையை அசைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தப் பொம்பளைகிட்ட யாருங்க சொல்றது?" என்றார். நான் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். வருவார் என்று சொன்னவன் நான். ஈரத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாயங்காலம் வக்கீல் அப்பீல் காகிதத்தோடு சப் ஜெயிலுக்குப் போனார். நானும் போனேன். பெரியவர் இருவரையும் கும்பிட்டார். காகிதத்தைக் காட்டியதும் கட்டை விரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டார். வக்கீல் என்னைப் பார்த்து, ஏதாவது சொல்லுங்கள் என்றார். நான் காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மறுநாளும் மழை. காலை எட்டு மணி பஸ்ஸில், வேறு மூன்று கைதிகளோடு சேர்த்து, அவரை ஜில்லா ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆபீஸுக்குப் போய் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு இரண்டு நகல் எழுதினேன்.